காத்திருக்க வேண்டியதும் காத்திருக்கக் கூடாததும்

(பெற்றோரும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கூடியிருந்த அவையில் குழந்தைநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. ஒரு தந்தை ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூக்கு ஒழுகுகிறது, காலையிலிருந்து லேசான காய்ச்சல். குழந்தையோ பிஸ்கட்டைக் கடித்தபடி என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறது. "டாக்டர், ஒரு ஊசி போட்டு விட்ருங்க. நாளைக்கே சரியாகிடணும்" என்றார். ஊசி வேண்டாம், மூன்று நாளில் தானே சரியாகிவிடும் என்று நான் சொன்னதை அவரால் ஏற்கவே முடியவில்லை.

அவர் போனபின் ஒரு தாய் மூன்று வயது மகனோடு வந்தார். இருமல். பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன், அப்போதும் திரும்பவில்லை. கையிலிருந்த பொம்மைக் காரின் சக்கரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தான். "இன்னும் பேச ஆரம்பிக்கலையாம்மா?" என்று கேட்டேன். "இவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாராம் சார். அத்தை சொல்வாங்க. பேசிடுவான்" என்றார். இருமலுக்கு இரண்டு நாள்கூடப் பொறுக்காத அந்தக் குடும்பம், பேச்சுக்காக இரண்டு ஆண்டு பொறுத்திருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தானாகப் போகும் சளிக்கு அவசரப்படுகிறோம். நாள் தவறினால் வாய்ப்பும் தவறிப்போகும் வளர்ச்சித் தாமதத்துக்கு ஆண்டுக் கணக்கில் காத்திருக்கிறோம். எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதை நேராக்கிச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் வளர்ச்சி. நம் இலக்கியத்தில் பிள்ளைத்தமிழ் என்றொரு வகை உண்டு. பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக்கி, 3-ஆம் மாதம் தொடங்கி 21-ஆம் மாதம் வரை, இரண்டு மாதத்துக்கு ஒரு பருவமாகப் பத்துப் பருவங்களில் பாடுவார்கள். பாட்டியல் நூல்களுக்கிடையே மாதக் கணக்கு சற்று மாறும். ஆனால் வரிசையைப் பாருங்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: கையையும் முழங்காலையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் பருவம். ஏழில் தால்: தால் என்றால் நாக்கு, தாலாட்டுக் கேட்கும் பருவம். குழந்தை "பப்பப்பா, தத்தத்தா" என்று மழலையை அடுக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். ஒன்பதில் சப்பாணி: இரு கையும் சேர்த்துக் கொட்டுவது. பதின்மூன்றில் வருகை: தளர்நடை நடந்து வருவது. பதினைந்தில் அம்புலி: நிலாவைக் காட்டி விளையாட அழைப்பது. அதன்பின் சிற்றில்: மணலில் வீடு கட்டி, அது நிஜ வீடு என்று பாவித்து விளையாடுவது. குழந்தையைக் கண்கொட்டாமல் பார்த்திருந்த சமூகத்தால்தான் இப்படியொரு வரிசையை வகுத்திருக்க முடியும்.

இன்றைய மருத்துவம் சொல்லும் மைல்கற்களும் இந்த வரிசையை ஒட்டியே வருகின்றன. இரண்டு மாதத்தில் உங்கள் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான்கு மாதத்தில் தலை நிற்க வேண்டும். ஒன்பது மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்கார வேண்டும். ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும், டாட்டா காட்ட வேண்டும். ஒன்றரை வயதில் நடக்க வேண்டும், வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும், சில சொற்களாவது சொல்ல வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லாக் குழந்தையும் ஒரே நாளில் நடந்துவிடாது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நலமான குழந்தைகள் தனியே நடக்கத் தொடங்குவது 8 மாதம் தாண்டியதிலிருந்து ஏறத்தாழ பதினேழரை மாதம் வரை. தவழாமலே எழுந்து நடந்துவிடும் குழந்தைகளும் உண்டு. ஆகவே, பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடக்கிறதே என்று கலங்க வேண்டாம். ஆனால் அந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 18 மாதம் தாண்டியும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மட்டும், இரண்டு வயது வரை, பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து வயதை எண்ணுங்கள்.

இன்னும் இரண்டு அடையாளங்களை மனதில் வையுங்கள். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால், "இடது கைப் பழக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். மற்றக் கையில் பலவீனம் இருக்கலாம். பேசிக்கொண்டிருந்த சொல், செய்துகொண்டிருந்த செயல் எதையாவது குழந்தை இழந்தால், எந்த வயதானாலும், அந்த வாரமே காட்டுங்கள்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிது. இரண்டு வயது மகன் பேசவில்லை என்று ஒரு தாய் வந்தார். பையன் துறுதுறுவென்று இருந்தான். கண்ணைப் பார்த்துச் சிரித்தான். "ஆண் பிள்ளைகள் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுவார்கள், பொறுத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டேன். நான்கு வயதில் மறுபடி வந்தான். செவித்திறன் சோதனை செய்தோம். இரண்டு காதும் பிறவியிலேயே கேட்கவில்லை. அவன் பேசாதது அவன் குற்றமா? கேளாத மொழியை எந்தக் குழந்தை பேசும்? நான் சொன்ன ஒரு வார்த்தை அவனுக்கு இரண்டு ஆண்டைப் பறித்துவிட்டது. அன்றிலிருந்து பேச்சு வரவில்லை என்று எந்தத் தாய் வந்தாலும் என் வாயிலிருந்து வரும் முதல் சொல் "காது".

இதற்கு நேர்மாறாக இன்னொரு வீடு. தீபாவளியன்று தெருவில் சரவெடி வெடிக்கிறது. ஐந்து மாதக் குழந்தை திடுக்கிடவில்லை, கண் சிமிட்டவில்லை. அதைக் கவனித்தவர் பள்ளிக்கூடம் போகாத பாட்டி. பண்டிகை முடிந்த மறுநாளே மகளைக் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தார். இன்று அந்தப் பேத்தி காதில் கருவியோடு மூன்றாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தை உரக்கப் படிக்கிறாள். அந்தப் பாட்டியின் கண்ணுக்கு முன் என் படிப்பு சிறியது.

பிறந்த குழந்தையின் காதைச் சோதிக்க இன்று கருவி இருக்கிறது. தூங்கும்போதே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு. தகுதியுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை நம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்குப் புறப்படும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "காது பார்த்தாயிற்றா? தைராய்டு பார்த்தாயிற்றா?" பிறவியில் தைராய்டு சுரக்காத குழந்தைக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி மற்றவர்களைப் போலவே இருக்கும். விட்டுவிட்டால், இழந்த அறிவைப் பின்னால் எந்த மாத்திரையாலும் மீட்க முடியாது.

இப்போது அம்புலிக்கு வருகிறேன். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும்போது என்ன நடக்கிறது? குழந்தை உங்கள் விரலைப் பார்க்கிறது. விரல் காட்டும் திசையில் நிலாவைப் பார்க்கிறது. பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. "நீயும் பார்த்தாயா?" என்று கேட்கும் சிரிப்பு அது. ஒரு பொருளை இரண்டு மனங்கள் பகிர்ந்துகொள்ளும் இந்தச் செயலின் மேல்தான் மொழி முழுவதும் எழும்புகிறது. ஆட்டிசத்தில் முதலில் தடைபடுவது பெரும்பாலும் இதுதான். பெயர் சொன்னால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாமை, பாவனை விளையாட்டு இல்லாமை, தண்ணீர் வேண்டுமென்றால் உங்கள் கையைப் பிடித்துக் குடத்தின் மேல் வைப்பது, சொன்னதையே திருப்பிச் சொல்வது, கைகளை உதறுவது, பொருள்களை வரிசையாக அடுக்கி, கலைத்தால் அலறுவது: இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பல சேர்ந்து தென்பட்டால் தள்ளிப்போடவும் கூடாது.

1943-இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்து எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணம் என்று மேலை நாட்டு அறிஞர்களே பழி சுமத்தினார்கள். ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லேண்ட் 1964-இல் நூல் எழுதி அந்தப் பழியை உடைத்தார். ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்குண்டு. ஆனால் அந்தப் பழி நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. "வேலைக்குப் போனாய், அதனால் வந்தது", "கர்ப்பமாக இருக்கும்போது அழுதாய், அதனால் வந்தது." அவையிலிருக்கும் மாமியார்களையும் கணவர்களையும் கைகூப்பிக் கேட்கிறேன்: அந்தத் தாயின் மேல் இன்னொரு சுமையை ஏற்றாதீர்கள். குழந்தைக்கு முதல் ஆசிரியர் அவர்தான். அவர் உடைந்துபோனால் எந்தப் பயிற்சியும் நடக்காது.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1998-இல் வெளியிட்ட கட்டுரையில் கிளம்பிய புரளி அது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுதியவர் மருத்துவப் பதிவை இழந்தார். லட்சக்கணக்கான குழந்தைகளிடம் பார்த்தும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை.

இதற்கு என்ன செய்வது? ஆட்டிசத்தை அகற்றும் மாத்திரை கிடையாது. ஸ்டெம் செல் செலுத்தினால் குணமாகும் என்று சொல்பவர்களிடம் நகையை அடகு வைத்த பணத்தைக் கொடுக்காதீர்கள். அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் சொல்லிவிட்டது. பலன் தருவது பயிற்சி: பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் தரையில் உட்கார்ந்து நீங்கள் விளையாடும் விளையாட்டு. குழந்தையின் முகத்துக்கு நேரே உட்காருங்கள். அது எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்லுங்கள். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடாமல், கேட்பதற்கு இடம் கொடுங்கள். செல்போனை அணையுங்கள். செல்போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதாக நான் சொல்லவில்லை. அது தின்னும் நேரம் உங்கள் பேச்சைக் கேட்க வேண்டிய நேரம். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி.

எங்கே போவது? 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பார்க்கின்றன. பிறவிக் குறை, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என்ற நான்கையும் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பதே அத்திட்டம். அவர்கள் அனுப்பும் இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். பயிற்சியாளர்கள் அங்கே இருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. "நோயின் பெயர் உறுதியாகட்டும், பிறகு பயிற்சி" என்று இருந்துவிடாதீர்கள். பெயர் பின்னால் வரட்டும். பயிற்சி இன்றே தொடங்கட்டும். நாக்கில் வசம்பு தடவுவதும் வேல் குத்துவதாக நேர்ந்துகொள்வதும் அந்தப் பயிற்சிக்கு ஈடாகாது. ஒரு வயதுக்குள் தேன் தடவினால் ஆபத்தே உண்டு.

பள்ளி வயதில் இன்னொரு கூட்டம் தெரியும். நன்றாகப் பேசுவான், கதை சொல்வான், கணக்கை வாயால் போடுவான். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கூட்ட முடியாது. அவனைச் சோம்பேறி என்று அடிக்கிறோம். கற்றல் குறைபாட்டுக்குச் சோம்பல் காரணம் இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலை அவன் மூளைக்குக் கடினமாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். ஆசிரியர்களே, பிரம்பை எடுக்கும் முன் அந்தப் பிள்ளையின் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

வளர்ச்சி வேறு, தொற்றுநோய் வேறு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் ஒரே குழந்தையின் உடம்பில் கைகோத்து நடக்கின்றன. கர்ப்பிணிக்கு வரும் ருபெல்லா அம்மை லேசான தடிப்போடு போய்விடும். ஆனால் வயிற்றிலிருக்கும் சிசுவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுத்துவிடும். மூளைக்காய்ச்சலிலிருந்து உயிர் பிழைத்த குழந்தை செவியை இழந்திருக்கலாம். மாதக் கணக்கில் காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வது பாதிதான் எட்டும். அந்தக் காதில் சுடுஎண்ணெய் ஊற்றினால் மீதியும் போகும். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலை எல்லை மீறினால் மூளையில் படிந்து காதையும் கைகாலையும் பாதிக்கும். முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலோ, காலை வெயிலில் காட்டினால் போதும் என்று இருக்காதீர்கள். நீல ஒளிச் சிகிச்சை தேவைப்படும். வெளியே தெரியாத பசி ஒன்றும் உண்டு: இரும்புச் சத்துக்குறைவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை; நம் மாநிலத்திலும் பாதிக்கு மேல். இரத்தம் குறைந்த குழந்தைக்குக் கவனமும் குறையும், கற்றலும் குறையும்.

இனி, காத்திருக்கக்கூடிய நோய்களைச் சொல்கிறேன். சாதாரண சளி வைரஸால் வருவது. சின்னக் குழந்தைக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டு முறை வரலாம். இருமல் இரண்டு மூன்று வாரம்கூட நீடிக்கலாம். ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. தேவையில்லாமல் கொடுத்த மருந்து, நாளை உண்மையாகவே தேவைப்படும்போது வேலை செய்யாமல் போகும். அரைகுறையாகத் தெரிந்த இருமல் மருந்துகளையும் விட்டுவிடுங்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்தது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தானே போகக்கூடிய இருமலுக்காகப் போன உயிர்கள் அவை. என் நெஞ்சில் அந்தச் செய்தி இன்னும் ஆறவில்லை. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, குடிக்க வெதுவெதுப்பான நீர், நிறையத் தாய்ப்பால். பெரும்பாலான சளிக்கு இவ்வளவே போதும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம்: எடை ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு எச்சரிக்கை: சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்து ஈரலைக் கெடுத்துவிடாதீர்கள். புட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

கை, கால், வாயில் கொப்புளத்தோடு வரும் நோயைத் 'தக்காளிக் காய்ச்சல்' என்று 2022-இல் கேரளத்திலிருந்து செய்தி வந்தபோது எத்தனை வீடுகளில் பயம்! காக்ஸாக்கி போன்ற வைரஸ்கள் தரும் பழைய நோய்தான் அது. பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் இறங்கிவிடும். தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அங்கன்வாடிக்கு அனுப்பாதீர்கள். அம்மை போட்டால் வேப்பிலை வையுங்கள், நம்பிக்கையை நான் தடுக்கவில்லை. கூடவே மருத்துவரிடமும் காட்டுங்கள். ஆஸ்பிரின் மட்டும் கொடுக்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாதவற்றை இப்போது எண்ணிக்கொள்ளுங்கள். முதலாவது, மூன்று மாதத்துக்குள் வரும் எந்தக் காய்ச்சலும். 100.4 டிகிரி தொட்டால் நடுஇரவானாலும் மருத்துவமனை.

இரண்டாவது, மூச்சு. நிமோனியாவை எக்ஸ்ரே இல்லாமல் வீட்டிலேயே சந்தேகிக்க முடியும். பாப்புவா நியூகினியில் பணிபுரிந்த ஃபிராங்க் ஷான் போன்ற மருத்துவர்கள், மூச்சை எண்ணினாலே போதுமான குறிப்புக் கிடைக்கும் என்று காட்டினார்கள். பின்னர் உலகமே அந்த வழியை ஏற்றது. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது சளியோடு நிற்கவில்லை. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். அந்த நேரத்தில் தொக்கம் எடுக்கப் போவதும் வயிற்றில் சூடு போடுவதும் உயிரோடு விளையாடுவது.

மூன்றாவது, வயிற்றுப்போக்கில் நீர் வற்றுவது. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையோரப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, உறவினர்களையே குவளை குவளையாகக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் இறந்த இடத்தில் சாவு ஏறத்தாழ மூன்றாகக் குறைந்தது. அன்று உயிர் காத்த கைகள் உறவினர்களின் கைகளே. அந்த நீரின் இன்றைய வடிவமான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கணக்கை மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கால் முதல் அரை டம்ளர், கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றபிறகும் 14 நாள் முழுவதும் கொடுங்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். கண் குழிந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ மருத்துவமனை.

நான்காவது, டெங்கு. இதில் நம்மை ஏமாற்றுவது காய்ச்சல் இறங்கும் நேரம். நான்காம் ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் "சரியாகிவிட்டது" என்று நிம்மதி அடைகிறோம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான ஒன்று இரண்டு நாள் அப்போதுதான் தொடங்குகிறது. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்ந்து சுருண்டு படுப்பது, கைகால் சில்லிடுவது, ஈறில் இரத்தம், சிறுநீர் குறைவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். இபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம். கஷாயம் கொடுத்தோம் என்று கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாவது, காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு வரும். பார்க்கப் பயங்கரம், பெரும்பாலும் தீங்கின்றி அடங்கிவிடும். சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் கரண்டி வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். முதல் வலிப்பு என்றால், நின்றபிறகும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்பது தடுப்பூசி. இதில் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் முதலில் வந்த இரண்டு மாநிலங்கள் கேரளமும் நாமும். இந்தியாவிலேயே உருவான ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. போலியோவைத் துரத்த வேலூரில் டி. ஜேக்கப் ஜான் என்ற மருத்துவர் உழைத்தார். 2011 ஜனவரிக்குப் பின் நாட்டில் ஒரு குழந்தையும் இயற்கைப் போலியோவால் முடமாகவில்லை. அதே தமிழ் மண்ணில்தான் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட வந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பலர் கதவைச் சாத்தினார்கள். தட்டம்மை, முன்பு சம்பாதித்த நோயெதிர்ப்பையே அழித்துவிட்டுப் போகும் நோய். ஒரு ஊசியைத் தவற விட்டிருந்தால் தாமதமானாலும் போட்டுக்கொள்ளலாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன அந்த மூன்று வயதுப் பையனைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். காது நன்றாகக் கேட்கிறது. ஆட்டிசம் என்று உறுதியானது. தாய் அவனை வாரம் இரண்டு நாள் மாவட்ட மையத்துக்குக் கூட்டிப்போகிறார். மற்ற நாட்களில் அப்பா வேலை முடிந்து வந்ததும் அவனோடு தரையில் உட்காருகிறார். இன்னும் அவன் அதிகம் பேசவில்லை. ஆனால் சென்ற மாதம் என் அறை மின்விசிறியை விரல் நீட்டிக் காட்டினான். காட்டிவிட்டுத் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அந்தத் தாய் அழுதார். இரண்டு ஆண்டு முன்பே வந்திருக்கலாமே என்ற வருத்தமும் அந்த அழுகையில் இருந்தது.

ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். செல்போன் உள்ளேயே இருக்கட்டும். நிலாவைக் காட்டுங்கள். குழந்தை எங்கே பார்க்கிறது என்று பாருங்கள்: விரலையா, நிலாவையா, உங்களையா? ஒரு இரவில் பார்க்கவில்லை என்று பயப்பட வேண்டாம், தூக்கம் வந்திருக்கலாம். பல இரவு காட்டியும் ஒன்றரை வயதுக் குழந்தை உங்கள் முகத்தைத் தேடவில்லை என்றால், அடுத்த பௌர்ணமி வரை காத்திருக்காதீர்கள். மறுநாள் காலையில் வாருங்கள்.